அப்பா எழுதித் தரும் வீடு கொஞ்சம் காத்திருக்கட்டும்

தம்பி, நீங்கள் கேட்டதன் சாரம் இது: கொவென்ட்ரிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நீங்களும் மனைவியும் 280,000 பவுணுக்கு ஒரு வீடு பேசியிருக்கிறீர்கள். இதற்கிடையில் ஹட்டனில் அப்பா தன் வீட்டை உங்கள் பெயருக்கு நன்கொடை உறுதியாக (தானப் பத்திரமாக) எழுத அவசரப்படுகிறார். உங்களுக்குப் பதிலாக ஏற்றுக் கையெழுத்திட அக்காவுக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாமா?

இப்போது அனுப்பாதீர்கள். இங்கிலாந்து வீட்டின் சாவி கைக்கு வந்த நாள் முடியும் வரையாவது அந்த உறுதி எழுதப்படக் கூடாது.

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்கு 300,000 பவுண் வரை முத்திரை வரி இல்லை. ஆனால் 'முதல் வீடு' என்றால் உலகத்தில் எங்குமே முதல் வீடு. ஹட்டனில் அப்பா எழுதித் தந்ததும், பண்டாரவளையில் மாமனார் சீதனமாகத் தந்ததும் கணக்கில் வரும். இருவரும் சேர்ந்து வாங்கினால் இருவருமே இதற்கு முன் வீடு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். மனைவியிடமும் கேட்டுவிடுங்கள்.

சலுகை போனால் உங்கள் வீட்டுக்கு வரி 4,000 பவுண். அதோடு நிற்காது. ஹட்டன் வீட்டில் உங்களுக்குரிய பங்கு 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதி என்றால், இது இரண்டாவது வீடு என்று சொல்லி முழு விலையிலும் 5 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள். அது இன்னொரு 14,000. ஆக 18,000 பவுண். டிக்கோயா வீதிப் பக்கம் இரண்டு கோடி ரூபாய்க்கு விலை போகும் வீடு என்றால் அந்த 40,000 என்ற கோட்டைத் தாண்டிவிடும்.

எனக்கு இது தெரிந்த விதம் வேறு. 2018 இல் 260,000 பவுணுக்கு நான் வீடு வாங்கியபோது, சட்டத்தரணி அனுப்பிய படிவத்தில் 'உலகில் எங்காவது வீடு உண்டா' என்று ஒரு கேள்வி. பெருமையோடு 'ஆம்' என்று எழுதினேன். ஊரில் அப்பா ஏற்கெனவே என் பெயருக்கு எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லின் விலை 10,800 பவுண். அப்போது கூடுதல் வரி 3 சதவீதம்தான். 'இல்லை' என்று எழுதியிருக்கலாமே என்று மச்சான் இன்றைக்கும் சொல்கிறார். பொய் எழுதச் சொல்பவர்கள் அபராதத்தில் பங்கு கேட்க வருவதில்லை. காலத்தைச் சரியாகப் பார்ப்பது வேறு, மறைப்பது வேறு.

அப்பா ஏன் அவசரப்படுகிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. எழுதாமல் கண்ணை மூடினால் பிள்ளைகளுக்குள் இழுபறி வரும் என்ற பயம். நமக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் இல்லை; அது யாழ்ப்பாணத்தாருக்கு. நம் மலையகத்தில் ஒருவர் ஒன்றும் எழுதாமல் இறந்தால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். அப்பாவின் பயத்துக்கு நன்கொடை உறுதி மட்டுமே மருந்தல்ல. மரண சாசனம் எழுதட்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். அவர் உயிரோடு இருக்கும்வரை அதனால் நீங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஆகமாட்டீர்கள். வேண்டுமென்றால் அவர் மாற்றியும் எழுதலாம். நன்கொடையோ, நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு அவர் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. அம்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எந்த உறுதி எழுதினாலும் அப்பாவுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதிய உறுதிக்குக் கீழே தமிழில் கையெழுத்து வைத்துவிட்டு, எல்லை எதுவென்று தெரியாமல் இருக்கும் வீடுகளை நுவரெலியா மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயரையும் ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருப்பது நம் ஆட்களுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. அதற்குச் சத்தியக் கடதாசி முடித்துத்தான் நொத்தாரிசிடம் போக வேண்டும்.

அடுத்தது பணம். டவுனில் உள்ள கடையை விற்று அப்பா முற்பணத்துக்கு உதவப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். கொவென்ட்ரி சட்டத்தரணி அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வேர் வரைக்கும் தோண்டுவார். விற்ற உறுதி, வங்கிக் கணக்கு, அப்பாவின் நன்கொடைக் கடிதம் எல்லாம் கேட்பார். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் முத்திரைத் தீர்வை என்பதால், கைமாறிய விலையை விடக் குறைத்து உறுதியில் எழுதுவார்கள். உறுதியில் எண்பது லட்சம், வங்கியில் இரண்டு கோடி என்றால் என்ன பதில் சொல்வீர்கள்? வாங்குபவர் எவ்வளவு கெஞ்சினாலும் உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள். பணமும் வங்கி வழியாகவே வரட்டும்.

இங்கிலாந்தில் ஏன் இத்தனை மாதம் என்று அலுத்துக்கொண்டிருந்தீர்கள். ஊரில் நொத்தாரிசு பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்த்துவிட்டால், கையெழுத்து அரை நாள் வேலை. இங்கிலாந்தில் இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் வரை விலை பேசியது வெறும் பேச்சுதான்; இரு பக்கமும் விலகலாம். கைமாறிய பிறகு விலகினால், கொடுத்த 10 சதவீத முற்பணம் போனதுதான். அன்றைக்கே வீட்டுக் காப்புறுதியும் எடுங்கள். கொவென்ட்ரிப் பக்கம் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. அதைத் தேடிப் பார்க்கும் கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். 2014 இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, புதைத்ததைப் பார்த்த நாம், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

183 நாளுக்கு மேல் இங்கிலாந்தில் இருந்துவிட்டதால், வெளிநாட்டில் வசிப்பவருக்கான 2 சதவீதக் கூடுதல் வரி உங்களுக்கு வராது. அந்தக் கவலையை விடுங்கள்.

லயத்தில் வளர்ந்தது 'முதல் வீடு' கணக்கில் வருமா என்று உங்கள் நண்பர் கேட்டதற்கும் ஒரு சொல். தோட்டத்து லயக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தது சொந்த வீடு ஆகாது. நான்கு தலைமுறை இருந்தாலும் உறுதி நம் கையில் இல்லை. ஆனால் 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்கு அவர் பெயரில் உறுதி வந்திருந்தால் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அத்தனை வருடம் இல்லாதது கிடைத்த நேரத்திலா இந்தக் கணக்கு என்று அவருக்குக் கோபம் வரும். எனக்கும் வருகிறது.

ஞாயிறு வரை ஹட்டனில்தான் இருக்கிறேன், மழை விட்டபாடில்லை. அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னால் மகன் வேண்டாம் என்கிறான் என்றுதான் காதில் விழும். நானே நேரில் போய்ப் பேசுகிறேன். நொத்தாரிசுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாரா என்று மட்டும் முதலில் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.