கரிநெருப்பு ரெண்டு இடத்துல: பெருமை, தாழ்மை பற்றிய கேள்வி பதில்

(அஸ்தம்பட்டி வேதபாடக் குழுவில் வந்த கேள்விகள். பதில் சொல்பவர் ஞாயிறு பள்ளியில் பல வருஷம் பாடம் எடுத்தவர்.)

சூரமங்கலம் தம்பி: ஐயா, அடுத்த வாரம் இன்டர்வியூ. "என்னால முடியும்"னு சொன்னா அது பெருமையா?

இல்லப்பா. "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்"னு எழுதினவர் பவுல் (1 கொரிந்தியர் 15:10). கையோட "ஆகிலும் நான் அல்ல"ன்னு கிருபையையும் சொல்லிட்டார். செஞ்ச வேலையைத் தயங்காம சொல்லு.

ஏற்காடு அண்ணன் ஒருத்தர்: இயேசுவை விட்டு விலகமாட்டேன்னு அவரோட சீஷர் பேதுரு மனசாரத்தானே வாக்குக் கொடுத்தார்? அதைப் போய் ஏன் பெருமைங்கறோம்?

மனசாரத்தாங்க சொன்னார். வாய்ச்சொல் வீரரா இருந்தா அன்னைக்கு ராத்திரி இயேசுவைப் பிடிக்க வந்தவங்க முன்னால பட்டயத்தை உருவியிருக்க மாட்டார். ஆனா மத்தேயு 26:33-ஐ மெதுவா வாசிங்க: "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்." காட்டிக்கொடுக்கற யூதாஸ் போயிட்டான், மீதி பத்து சீஷர் கூடவே இருக்காங்க. அவங்களைக் கீழ தள்ளிட்டுத்தான் இவர் நிக்கிறார். அதோட, பவுல் பேசினது முடிஞ்ச வேலையைப் பத்தி. இவர் இன்னும் விடியாத ராத்திரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடறார்.

மார்கழியில மலைமேல நெருப்பு மூட்டிச் சுத்தி நிக்கிற உங்களுக்கு அடுத்த காட்சியைச் சொல்லவே வேண்டாம். யோவான் 18:18. குளிர், கரிநெருப்பு, வேலைக்காரங்களோட பேதுருவும் கையை நீட்டிக் குளிர்காயறார். "நீயும் அவரோட சீஷன்தானே"ன்னு அவரை முதல்ல மடக்கினது வாசல் காக்கிற ஒரு பொண்ணு, சேவகன்கூட இல்லை. அந்த ராத்திரி மூணு தடவை இயேசுவைத் தெரியாதுன்னு மறுத்துட்டார். கரிநெருப்புக்கு அங்க இருக்கிற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டுல இன்னும் ஒரே ஒரு இடத்துலதான் வருது. யோவான் 21:9, கடற்கரை, மேல மீன் வெந்துகிட்டிருக்கு. அங்க இயேசு கேக்கறார்: "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" வலையையும் படகையும் காட்டித்தான் கேட்டார்னு சொல்றவங்க உண்டு. நம்ம தமிழ் வேதம் ஆட்களைத்தான் சொல்லுது, எனக்கும் அதுவே சரியாப் படுது. பழைய பேச்சை அவர் மறக்கலை. பேதுரு பதில்ல மத்தவங்க யாரும் இல்லை, நாளைக்கான வாக்கும் இல்லை. "நீர் அறிவீர்", அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா: எங்க வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் "நான் வெறும் தூசுங்க"ம்பார். சபைக் கூட்டத்துல பேசக் கூப்பிடலைன்னா ரெண்டு நாள் சாப்பிட மாட்டார்.

(சிரிச்சுட்டேன்மா, மன்னிச்சுக்கோங்க.) லூக்கா 14-ல கல்யாண விருந்துக்குப் போனா தாழ்ந்த இடத்துல உட்காருன்னு சொல்லியிருக்கு. அங்க உட்கார்ந்துகிட்டு, எப்ப முன்னால கூப்பிடுவாங்கன்னு வாசலையே பார்த்தா அதுவும் முதல் வரிசைதான். அடுத்த தடவை "தூசு"ன்னார்னா "சரிங்க"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க.

வாழப்பாடி விவசாயி: நாலு காசு பார்த்தாலே பெருமை வந்துருமுங்களா?

உசியா ராஜாவைப் படிங்க, 2 நாளாகமம் 26. பதினாறு வயசுல பட்டம், 52 வருஷ ஆட்சி. நிறைய கிணறு வெட்டினவர், மலையில திராட்சத்தோட்டம் போட்டவர், விவசாயத்து மேல அவ்வளவு ஆசை. நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருக்காரேன்னு தோணும். கிணறையும் தோட்டத்தையும் வேதம் குத்தம் சொல்லலை. "அவன் பலப்பட்டபோது" மனசு மேட்டிமையாச்சுன்னு 16-ஆம் வசனம். ஆசாரியன் செய்யற தூபத்தையும் நானே காட்டறேன்னு ஆலயத்துக்குள்ள போனார். ஆசாரியன் அசரியாவும் அவரோட 80 ஆசாரியரும் தடுத்தாங்க. கோபப்பட்டார், நெத்தியில குஷ்டம். நல்லா வர்ற வெள்ளாமையைப் பார்த்து பயப்படாதீங்க. "இது உம்ம வேலை இல்லை"ன்னு சொல்ற ஆள் பக்கத்துல இருக்காங்களான்னு பாருங்க.

பெயர் வேண்டாம் என்றவர்: பூமியிலேயே மோசேதான் சாந்தகுணமுள்ளவர்னு எண்ணாகமம் 12:3. அதை மோசேயே எழுதினாரா?

பின்னால வேற கை சேர்த்த வரிம்பாங்க, இருக்கலாம். நான் பாக்கறது சுத்தி நடக்கறதை. கூடப் பிறந்த மிரியாமும் ஆரோனுமே மோசேயைக் குறை பேசறாங்க, அவர் ஒரு வார்த்தை திருப்பலை. பதில் சொன்னது கர்த்தர்.

ஏற்காடு டாக்ஸி ஓட்டும் தம்பி: வண்டியில ஒட்ட ஒரு வசனம் சொல்லுங்கய்யா. சின்னதா.

"தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்." 1 கொரிந்தியர் 10:12. சின்னது இல்லைதான். ஆனா 20 கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்னு போன வாரம் நீதானே சொன்னே? கண்ணாடியில ஒட்டாதே, பாதையை மறைக்கும். டேஷ்போர்டுல ஒட்டு. இறங்கறப்ப ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு.