‘வழுக்கி விழுந்துவிட்டேன்’ – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன மாதம் சண்டையில் என் மனைவி கொதிநீரை என் கையில் ஊற்றிவிட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு, பாத்திரம் கைதவறிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். இப்போது புகார் கொடுத்தால் அவர் எழுதிய மருத்துவச் சீட்டே எனக்கு எதிராகத் திரும்புமா? (பெயர் வேண்டாம்)

பதில்: திரும்பும். ஆண்கள் கொடுக்கும் பல புகார்கள் சரிவது இந்த இடத்தில்தான். ‘வழுக்கி விழுந்தேன்’, ‘கதவு இடித்தது’ என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தை அப்படியே பதிவாகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவதும் அதைத்தான்.

ஆனால் சீட்டைத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். திருத்தல் கண்ணில் பட்டால் மற்ற ஆதாரங்கள் மேலும் சந்தேகம் விழும். அதே டாக்டரிடம் மறுபடி போங்கள். அன்றைக்கு உண்மையைச் சொல்லவில்லை, காரணம் இது, நடந்தது இது என்று சொல்லி, இன்றைய தேதியில் புதுக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். யார், எதனால், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, உடம்பில் எந்த இடத்தில் என்ற ஐந்தும் அதில் வர வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்கள்.

தழும்பைப் படம் எடுக்கும்போது முகமும் கையும் சேர்ந்து தெரிய ஒன்று, அளவு தெரிய ஸ்கேலோ நாணயமோ பக்கத்தில் வைத்து இன்னொன்று. இனி ஒருமுறை அடிபட்டால் உடனே ஒன்று, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் ஒன்று. ரத்தக்கட்டு முதல் நாள் சரியாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். மூலப் படம் உள்ள போனை மாற்றாமல் வைத்திருங்கள்.

நீங்கள் இந்தியாவில் இருப்பதாக வைத்துக்கொண்டு இன்னொன்று. ஸ்டேஷனில் ‘அடித்துவிட்டாள்’ என்று மட்டும் சொன்னால் அது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 115(2) பிரிவில் சாதாரணக் காயம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. கொதிநீர், தீ, கத்தி என்றால் 118(1), மூன்று ஆண்டு வரை சிறை. எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம், 117(2), ஏழு ஆண்டு வரை. பின் இரண்டிலும் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆகவே எதனால் காயம் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். சிரித்து அனுப்பப் பார்த்தால் மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், அதையும் தர மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேள்வி: என் தம்பியின் சம்பளம் முழுக்க அவன் மனைவி கையில். போனைத் தினமும் சோதிப்பாள். எங்கள் வீட்டுக்கு அவன் வந்தால் மணிக்கு நான்கு தடவை போன் செய்வாள். கையில் நகக்கீறல் பார்த்தேன். கேட்டால் சிரிக்கிறான். சொந்தக்காரர்கள் ‘பொண்டாட்டிக்குப் பயந்தவன்’ என்று கேலி செய்கிறார்கள். நான் எப்படிப் பேசுவது? (ஒரு அக்கா)

பதில்: பணம், போன், போக்குவரத்து மூன்றையும் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு மற்றவரை ஆட்டுவிப்பதே வன்முறைதான், அடி விழாவிட்டாலும். இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கியது. 2018-இல் அந்தக் குற்றத்துக்காக முதன்முதலாக ஒரு பெண் தண்டிக்கப்பட்டார். காயம் ஏற்படுத்திய குற்றங்களும் சேர்ந்து ஏழரை ஆண்டுச் சிறை.

தம்பியிடம் போனில் கேட்காதீர்கள், சோதிக்கப்படும் போன் அது. நாலு பேர் நடுவிலும் வேண்டாம். ஏதாவது வேலை சொல்லி வெளியே அழைத்துப் போய், நடந்துகொண்டே கேளுங்கள்; முகம் பார்க்காமல் பேசுவது அவனுக்கு எளிது. ‘அவ உன்னை அடிக்கிறாளாடா?’ என்றால் ‘இல்லைக்கா’ என்றுதான் வரும். ‘இந்தக் கீறல் எப்படிடா வந்துச்சு? அன்னிக்கு என்ன நடந்துச்சு?’ என்று நடந்ததைக் கேளுங்கள். சொன்னால் இடையில் பேசாதீர்கள். ‘நீ ஆம்பளதானே’ என்ற சொல் வாயில் வரவே கூடாது. ‘உடனே விட்டுட்டு வா’ என்பதும் வேண்டாம். பிரியப் போகிறார் என்று தெரியும் நேரம்தான் வன்முறை மிகவும் ஏறும் நேரம். பெண்களுக்குச் சொல்லும் அதே எச்சரிக்கைதான்.

அவள் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்பதோ, பெரியவர்களைக் கூட்டிப் பேசுவதோ வேண்டாம். நீங்கள் திரும்பி வந்த பிறகு அதற்கான விலையை அன்றிரவு அவன்தான் கொடுப்பான். அடி தொடரும்போது இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் கவுன்சலிங்கிலும் இதே சிக்கல்தான். அறையில் திறந்து பேசியது வீட்டில் குற்றமாகிவிடும். முதலில் அவனுக்குத் தனியாக ஆலோசனை.

நீங்கள் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். உங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம். அடையாள அட்டை, பாஸ்போர்ட், குழந்தைகளின் பிறப்புச் சான்று, கல்விச் சான்று ஆகியவற்றின் நகல், ஒரு வாரத்துக்கு மருந்து, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் உங்களிடம். வேறு வங்கியில் அவன் பெயரில் கணக்கு. அதற்கான மின்னஞ்சலை உங்கள் போனிலிருந்து தொடங்க வேண்டும், குறுஞ்செய்தி அவன் போனுக்குப் போகக் கூடாது. சாதாரணமாகத் தோன்றும் ஒரு சொல்லை இருவரும் பேசி வையுங்கள். அது வந்தால் நீங்கள் போலீசை அழைக்க வேண்டும். கேலி செய்யும் உறவினர்களிடம் இதில் எதையும் மூச்சு விடாதீர்கள்.

கேள்வி: உண்மையில் பெண்களைவிட ஆண்கள்தானே அதிகம் அடிவாங்குகிறார்கள்? தற்கொலைக் கணக்கே சொல்கிறதே!

பதில்: சொல்லவில்லை. இந்தியாவில் 2021-இல் தற்கொலை செய்துகொண்ட ஆண்கள் 1,18,979 பேர். கடன், நோய், குடி என எல்லாக் காரணங்களும் அதில் அடக்கம். வீட்டு வன்முறைக் கணக்காக அதைக் காட்டுவது தவறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், கணவரிடம் வன்முறை கண்டதாகச் சொன்ன திருமணமான பெண்கள் 29 சதவீதம். கணவர் அடிக்காதபோது தாங்களே கைநீட்டியதுண்டு என்றவர்கள் 4 சதவீதம். இதுவும் மனைவியரைக் கேட்டுக் கிடைத்த எண்தான், ‘அடிவாங்கினீர்களா?’ என்று அந்த ஆய்வு ஆண்களைக் கேட்பதில்லை. 4 சதவீதம் என்றாலும் லட்சக்கணக்கான வீடுகள். உதவி கேட்க, யார் அதிகம் என்ற போட்டியில் ஜெயிக்க வேண்டியதில்லை.

கேள்வி: அடிக்க வந்தவளின் கையைப் பிடித்துத் தடுத்தேன். மணிக்கட்டில் தடம் விழுந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ‘நீ போலீசுக்குப் போனா நானும் போவேன்’ என்கிறாள்.

பதில்: தற்காப்பு சட்டப்படி உரிமைதான். ஆனால் மணிக்கட்டுத் தடம் பார்ப்பவருக்குத் தாக்குதல் போலத்தான் தெரியும். பிடிக்காதீர்கள், தள்ளாதீர்கள். முன்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகருங்கள். சண்டை தொடங்கினால் சமையலறை, குளியலறை, மாடிப்படி வேண்டாம். சாவியும் போனும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். வெளியே வந்ததும் நம்பிக்கையான ஒருவருக்கு ‘இன்ன மணிக்கு இதனால் வெளியேறினேன்’ என்று செய்தி அனுப்புங்கள். அவளுக்குக் கோபமாகப் பதில் தட்டாதீர்கள், நீதிமன்றத்தில் முதலில் வாசிக்கப்படுவது அதுதான்.

ஒலிப்பதிவு உதவும். கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவான உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. வெட்டி ஒட்டாத முழுப் பதிவும், மின்னணு ஆதாரத்துக்குச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். எதிர்ப்புகார் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். ஏழு ஆண்டு வரை சிறை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பு. போலீஸ் நோட்டீஸ் வந்தால் குறித்த நாளில் வக்கீலோடு ஆஜராகுங்கள்.

கேள்வி: சட்டம் ஆண்களுக்கு எதுவுமே தருவதில்லையா?

பதில்: எந்த நாடு என்பதைப் பொறுத்தது. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுதாரர் பெண்ணாகத்தான் இருக்க முடியும். ஆணுக்கு மேலே சொன்ன குற்றப் பிரிவுகளும், கொடுமையைக் காரணம் காட்டும் விவாகரத்தும்தான். அதே 2005-இல் இலங்கை இயற்றிய 34-ஆம் இலக்கச் சட்டம் ஆண் பெண் பிரிக்கவில்லை. கணவரும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ‘துணைவர்’ என்றே பேசுகிறது. சிங்கப்பூரில் சட்டத்தின் பெயர் மாதர் சாசனம், ஆனாலும் கணவர் பாதுகாப்பு ஆணை கோரலாம். பெயரைப் பார்த்தே பலர் திரும்பிவிடுகிறார்கள்! அவசரத்துக்கு இந்தியாவில் 112, மனநல உதவிக்கு 14416, சட்ட உதவிக்கு 15100. சிங்கப்பூரில் 1800-777-0000, மலேசியாவில் 15999.

கேள்வி: எழுபது வயது அப்பாவை அண்ணன் அடிக்கிறான். வீட்டையும் எழுதி வாங்கிவிட்டான்.

பதில்: இந்தியா என்றால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது, அதில் ஆண் பெண் பேதமில்லை. தானப் பத்திரத்தில் ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 23-ஆம் பிரிவின்கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வழிகாட்டலுக்கு 14567. அடியையும் சொத்தையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். அடி போலீசுக்கு, வீடும் பராமரிப்பும் அந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின் தீர்ப்பாயத்துக்கு.