இம்ப்ளான்டைக் கழற்றும் முன் ஸ்கேன் எடுத்தீர்களா?

கேள்வி: காரைக்குடி பல் மருத்துவமனை ஒன்றில் எனக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு) வைத்தார்கள். "கம்ப்யூட்டரில் திட்டமிட்டு, துளையிடும் இடத்தைக் காட்டும் அச்சைப் பல்லில் பொருத்தித் துளையிடுகிறோம், தவறே வராது" என்றார் டாக்டர். ஏழு மாதமாகக் கீழுதடும் தாடையும் மரத்துக் கிடக்கின்றன. என் கணவரின் சாந்திக் கல்யாணத்தில் வாயோரம் காபி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் அந்த டாக்டர் எரிந்து விழுகிறார்; பணத்தைத் திருப்பித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். மதுரை டாக்டர் ஒருவர் அடுத்த வாரம் இம்ப்ளான்டை எடுத்துவிடலாம் என்கிறார். வழக்குப் போடலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, டாக்டரின் கோபம் வழக்குக்கு உதவாது. "தவறே வராது" என்றது வாய்வார்த்தை, மறுத்துவிடுவார். சாந்தியில் பட்ட அவமானத்தை இழப்பீட்டுத் தொகை பேசும்போது சொல்லலாம். அதற்கு முன் கவனக்குறைவு நிரூபணமாக வேண்டும். விளைவு மோசமானது என்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: இம்ப்ளான்ட் நுனிக்கும், கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் தாடை எலும்புக் குழாய்க்கும் (நரம்புக் குழாய்) நடுவே திட்டத்தில் எவ்வளவு இடைவெளி விட்டார்கள், இப்போது எவ்வளவு இருக்கிறது? வழக்கமாக விடுவது 2 மி.மீ. அச்சு வைத்துத் துளைத்தாலும் நுனி ஒரு மி.மீ.க்குச் சற்று மேலேகூட விலகுவதுண்டு. அந்த விலகலைத் தாங்கத்தான் இந்த இடைவெளி. ஆகவே விலகல் மட்டும் தவறாகாது. இடைவெளியே விடாமல் திட்டமிட்டிருந்தால் அது தவறு.

என்னிடம் வந்தவர்கள் வழக்கை இழந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வலியும் வெறுப்புமாக இன்னொரு டாக்டரிடம் போய் இம்ப்ளான்டை எடுத்துவிடுவார்கள், பிறகு வக்கீலைத் தேடுவார்கள். ஏழு மாதத்தில் அது எலும்போடு ஒட்டியிருக்கும். எடுக்கும்போது சுற்றியிருக்கும் எலும்பும் சேர்ந்து போகலாம். நுனி எங்கே இருந்தது என்று உறுதியாகக் காட்டுவது அதன் பிறகு கடினம். எதிர்த்தரப்பு வக்கீல் "எடுத்தபோதுதான் நரம்பு கெட்டது" என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. ஸ்கேனுக்குச் சில நிமிடங்கள் போதும். அதை எடுத்து, இடைவெளியை அளந்து எழுதிய ரேடியாலஜிஸ்ட் அறிக்கையையும் வாங்குங்கள். உலோகத்தைச் சுற்றிப் படம் கலங்கும் என்பதால் வெறும் படத்தை வைத்து வாதாட முடியாது. முதல் ஸ்கேனையும் கம்ப்யூட்டர் திட்டக் கோப்பையும் பழைய மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள். அச்சடித்த தாள் போதாது, கோப்பே வேண்டும். அச்சு உங்கள் வீட்டில் இருந்தால் பத்திரம். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பணம் கொடுத்ததற்கான ஆதாரத்தையும் இப்போதே தேடுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-வது பிரிவு வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. சிவகங்கை ஆணையத்துக்கு இந்த வாரமே ஓட வேண்டியதில்லை.

ஸ்கேனில் 2 மி.மீ. இடைவெளி தெரிந்தால் வழக்கை மறந்துவிட்டுச் சமரசம் பேசுங்கள். கொடுத்த பணத்தோடு மறுசிகிச்சைச் செலவையும் கேளுங்கள், தயங்காமல் கேட்கலாம். நுனி குழாய்க்குள் இருந்தால் திருப்பித் தரும் பணம் உங்கள் இழப்புக்கு ஈடாகாது. அறிக்கை கைக்கு வரும்வரை, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.