இங்கே நான் பேச்சு வராத பிள்ளை

கேள்வி: ஸ்தோத்திரம் அம்மா. எனக்கு வயது 33. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கணவரோடு கம்போடியாவுக்கு மிஷனரியாக வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமத்துச் சபையோடு சேர்ந்திருக்கிறோம். ஊரில் பெண்கள் ஐக்கியத்தை நடத்தினேன். கன்வென்ஷன்களில் செய்தி கொடுத்தேன். இங்கே நாள் முழுக்க மொழிப் பாடம்தான். வாயைத் திறந்தால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இங்கே நான் பேச்சு வராத பிள்ளை. என்னைவிட இளையவரான போதகர் எனக்குத் தருவதெல்லாம் நாற்காலி போடுகிற வேலையும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பும்தான். போன மாதம், காய்ச்சலில் கிடந்த ஒரு அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அவருக்கு 70 வயது இருக்கும். வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. அதன் பிறகு அங்கே போகவே கூச்சமாக இருக்கிறது. ஊரிலிருந்து "எத்தனை ஆத்துமா?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. ஜெபக் கடிதத்தில் எழுத ஒன்றுமில்லை. என் அழைப்பு உண்மைதானா? திரும்பி வந்துவிடலாமா?
– ஒரு சகோதரி, கம்போடியா

பதில்: மகளே, எனக்கு உன்னைப்போல இரண்டு மடங்கு வயது. அந்த உரிமையில் "நீ" என்றே எழுதுகிறேன்.

அழைப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப் போட்டால் கூச்சம் பழக்கமாகிவிடும்.

நம் ஊரில் போதகர் தலையில் கை வைக்காமல் போனால்தான் மனத்தாங்கல். கம்போடியாவில் தலை என்பது உடம்பிலேயே உயர்ந்த, பேணிக் காக்க வேண்டிய இடம். மூத்தவர் தலையை இளையவர் தொடுவது மரியாதைக் குறைவு. நீ கெட்ட எண்ணத்தில் தொடவில்லை என்று அந்த வீட்டாருக்கு நிச்சயம் தெரியும். தெரிந்தாலும் பார்த்த கண் உறுத்தத்தான் செய்யும். நம் வீட்டுக்கு வந்த ஒருவர் அப்பாவின் நெஞ்சுக்கு நேரே காலை நீட்டி உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தனியாகப் போகாதே. போதகரின் மனைவியைத் துணைக்குக் கூப்பிடு. கொஞ்சம் பழம் வாங்கிக்கொள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பாதம் யாரையும் நோக்கி நீளாதபடி கால்களை ஒருபக்கமாக மடக்கி உட்கார். கை கூப்பி வணங்கு. அவர்கள் "சம்பெயா" என்று சொல்கிற அந்த வணக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று கவனித்திருப்பாய். சமவயதினருக்கு நெஞ்சருகே கூப்புகிற கை, மூத்தவர்களுக்கு இன்னும் உயரும். பழத்தை இரண்டு கையாலும் கொடு. "அன்றைக்குத் தெரியாமல் செய்துவிட்டேன்" என்று ஒரே வாக்கியம் போதும். விளக்கம் சொல்லாதே. அதன் பிறகு ஒன்று கேள்: "யெய், எனக்குப் பேசச் சொல்லித் தருவீர்களா?"

யெய் என்றால் பாட்டி என்பது உனக்கே தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கிற நிமிஷத்தில் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிற இடமே மாறிவிடும். அதுவரை அவர் நோயாளி, நீ ஜெபிக்க வந்தவள். இனி அவர் ஆசிரியர், நீ படிக்க வந்தவள்.

அந்த அம்மாவுக்கு 70 வயது இருக்கும் என்கிறாய். அப்படியானால் 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகரைப் பிடித்தபோது அவர் இளம்பெண். நகரத்து ஜனங்களை எல்லாம் வயல்வெளிக்கு விரட்டினார்கள். குடும்பங்களைப் பிரித்தார்கள். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்துப் போனார்கள். அப்போதிருந்த சிறிய கிறிஸ்தவ சபையும் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. அந்த நாட்டில் அந்த வயதில் உன் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் அதைக் கடந்து வந்தவர். நீ அதைப் பற்றிக் கேட்கவே கூடாது. சாட்சி எழுத விஷயம் கிடைக்கும் என்கிற நினைப்பு ஒரு துளியும் மனதில் வரக் கூடாது. அவராகச் சொன்னால் சொல்லட்டும், பத்து வருஷம் கழித்தாவது. பசி என்றால் என்ன என்று அறிந்த அந்த அம்மா "ஞாம் பாய் ஹாய் ரூ நௌ?" – சோறு சாப்பிட்டாயிற்றா – என்று உன்னைக் கேட்கும்போது, அதை வெறும் குசலமாக எடுத்துக்கொள்ளாமல் நின்று பதில் சொல்.

இப்போது மொழிக்கு வருகிறேன். நீ மிகவும் அழுதிருப்பது அதற்குத்தான்.

நானும் என் கணவரும் ஜார்கண்டில் சந்தால் மக்கள் நடுவே 22 வருஷம் இருந்தோம். எங்களுக்கு நாடு மாறவில்லை, மொழி மட்டும் மாறியது. அதற்கே முதல் வருஷம் முழுக்க ராத்திரியில் அழுதேன். ஒரு வீட்டில், உட்கார்ந்ததும் வீட்டுக்காரப் பாட்டி வெண்கலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துக் கும்பிட்டார். சந்தால் வீட்டில் விருந்தாளியை வரவேற்கிற முறை அது. நானோ மனப்பாடம் செய்துவைத்த செய்தி மறந்துபோகுமே என்ற பதற்றத்தில், செம்பைத் தொடாமலேயே பேசத் தொடங்கிவிட்டேன். நான் முடிக்கிற வரை அந்தப் பாட்டி நின்றுகொண்டே இருந்தார். நான் சொன்ன செய்தி என்னவென்று எனக்கே இப்போது ஞாபகமில்லை. அந்தச் செம்பும் அவர் நின்ற நிலையும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

உனக்குப் பிரியமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் கற்ற சந்தாலியும் நீ படிக்கிற கெமரும் தூரத்து உறவு, இரண்டும் ஆஸ்திரோ ஆசிய மொழிகள். சந்தாலியில் மூன்று "பெ", நான்கு "போன்". கெமரில் "பெய்", "புவன்". உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த மொழி எனக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. அதன் எழுத்தோ, நம் பல்லவர் காலத்துக் கிரந்தத்தின் வழி வந்தது. உயிரெழுத்துகள் உன்னை நாக்குப் புரளாமல் தவிக்க வைக்கும், ஆனாலும் ககர வரிசையில் ஏதோ ஒரு சொந்தம் உனக்குத் தட்டுப்பட்டிருக்குமே.

அந்த மொழியில் "நான்" என்பதற்கு "க்ஞொம்" என்கிறார்கள். பழங்காலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிமை என்று பொருள். நம் "அடியேன்" போல. கம்போடியாவில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ அடியேன் என்றுதான் தொடங்குகிறார்கள். மகளே, அடிமையின் ரூபமெடுத்த இயேசுவைப் பற்றிச் சொல்லத்தானே நீ அங்கே போனாய்? ஊரில் மைக் முன்னால் நின்று அதை எத்தனை முறை பிரசங்கித்திருப்பாய். இப்போது அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்க ஒன்பது மாதமாகப் படிக்கிறாய். இதை வீணான காலம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சாப்பிடுவதற்கே எத்தனை சொல் என்று பார். நண்பர்களுக்குள் "ஞாம்", மூத்தவரிடம் மரியாதையாக "பிசா", புத்த பிக்கு என்றால் "சான்". யாரோடு பேசுகிறோம் என்று பார்க்காமல் அந்த மொழியில் சோறுகூடச் சாப்பிட முடியாது. புத்தகத்தில் இதைப் படித்தால் பட்டியல். யெய்யின் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டால் அது உறவு. ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் படித்துக்கொள். அந்த ஐந்தையே சந்தையில், கிணற்றடியில், சைக்கிள் கடையில் முப்பது பேரிடம் சொல். பிள்ளைகள் சிரித்தால் கூடச் சிரி. எது தவறு என்று அவர்களையே கேள். ஆறு வயதுப் பிள்ளைக்கு உன்னைத் திருத்தக் கிடைக்கிற சந்தோஷத்தைத் தடுக்காதே. இரண்டு வருஷத்துக்கு உன் முழு ஊழியமும் மொழிதான் என்று வைத்துக்கொள்.

நாற்காலி விஷயத்தில் நான் போதகர் பக்கம்.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியாவை உனக்குத் தெரியும். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு தோர்ணக்கல் பேராயர். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மேல்நாட்டார். 35 வயதுத் தமிழரான அசரியா அவர்கள் முன் எழுந்து, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளைக்கார மிஷனரியின் பங்களாவில் இந்திய ஊழியருக்கு நாற்காலி கிடைக்குமா என்பதே கேள்வியாக இருந்த காலம் அது. சபையில் பலருக்கு அந்தப் பேச்சு கசந்தது.

இன்றைக்கு விமானம் ஏறிப் போய் இறங்கியவள் நீ. உன்னிடம் வெளிநாட்டுக் காசு இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. அந்த இளம் போதகரோ அந்த மண்ணில் பிறந்து, சொந்தக்காரர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, அங்கேயே சாகப் போகிறவர். அசரியா கேட்டதை அவர் வாய்விட்டு உன்னிடம் கேட்கவில்லை. உன் கையில் நாற்காலியைக் கொடுத்திருக்கிறார். அதைப் போடு. போட்டுவிட்டு, முன்வரிசையில் உட்காராதே.

இங்கிலீஷ் வகுப்பை அற்பமாக எண்ண வேண்டாம். அதற்காகவே உன்னை "நெயக் க்ரூ" என்று கூப்பிடுவார்கள். நம் குருதான் அந்த க்ரூ. அங்கே ஆசிரியைக்கு இருக்கிற மரியாதை பெரிது. அதனால் உனக்கு ஒரு பயமும் இருக்க வேண்டும். வகுப்புக்கு வந்தால் ஜெபத்துக்கும் வர வேண்டும் என்று ஒரு தகப்பன்கூட நினைத்துவிடக் கூடாது. யாராவது கஷ்டத்தைச் சொல்லிப் பணம் கேட்டால் நேரே உன் பையைத் திறக்காதே. போதகரோடும் சபை மூப்பரோடும் பேசு, அவர்கள் கையால் போகட்டும். இரக்கம் காட்டுவதில் நம் ஆட்கள் அவசரக்காரர்கள். அவசரத்தில் கொடுத்த பணம் ஒரு சபையையே வெளிநாட்டுக்காரரின் வாசலில் நிற்க வைத்துவிடும். அந்த நாட்டில் வீடு வீடாகப் போய் மதப் பிரச்சாரம் செய்யவும், உதவியைக் காட்டி மதம் மாற்றவும் அரசு தடை விதித்திருப்பதை உன் சங்கத்தார் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். தடை இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

முன்னோரை நினைக்கிற ப்சும் பென் பண்டிகை நாட்கள் வரும்போது ஊரே அவர்களுக்காகப் புத்த விகாரைக்குச் சோற்று உருண்டை கொண்டுபோகும். பென் என்பது நம் பிண்டம்தான். அந்தப் பதினைந்து நாளும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் என்ன செய்வது, தாய் தகப்பன் மனம் நோகாமல் எப்படி நடப்பது என்பதற்கு நாகர்கோவிலிலிருந்து பதில் கொண்டுபோக முடியாது. அங்கே விசுவாசிகள் அதைக் கண்ணீரோடு யோசித்து நடந்துகொண்டிருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்.

ஜெபக் கடிதம். "எத்தனை ஆத்துமா?" என்று கேட்கிறவர்கள்மேல் கோபப்படாதே. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் கொடுக்கிறவர்கள் அவர்கள், உள்ளதை உள்ளபடி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. உள்ளதையே எழுது. "இந்த மாதம் ஒரு மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். 40 சொல் கற்றேன். நாற்காலி போட்டேன். எனக்குப் பொறுமை வேண்டி ஜெபியுங்கள்." இதைப் படித்து உன்னைத் தாங்குவதை நிறுத்துகிறவர் யாராவது இருந்தால் நிறுத்தட்டும். கூடவே இதையும் எழுது: 1923-ல் கம்போடியாவுக்குப் போன ஆர்தர் ஹாமண்ட் என்ற மிஷனரி கெமர் மக்களின் துணையோடு வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். முழு வேதாகமமும் அச்சாகி வந்தது 1954-ல். நடுவில் 31 வருஷம். நீ ஒன்பது மாதம் முடித்திருக்கிறாய்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளின் படத்தையும் நோயாளிகளின் கதையையும் அனுப்பாதே. நம் ஜெபக் குழுக்களில் ஒரு படம் போனால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குடும்பம் தன் ஊரில் தலை நிமிர்ந்து வாழ வேண்டும்.

திரும்பிவிடலாமா என்று கேட்டாய். வரலாம், அதில் வெட்கமில்லை. டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1893-ல் முதலில் போனது ஜப்பானுக்கு. ஒன்றரை வருஷம்கூட அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் உடம்பு கெட்டுத் திரும்பினார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் கண்மூடும் வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. ஆகவே, தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், கணவனோடு பேச்சே நின்றுபோகிற நிலை வந்தால் உடனே சங்கத்தாரிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வா. ஆனால் உன் கடிதத்தில் நான் அதைக் காணவில்லை. நான் கண்டது, நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பெண் பேச முடியாமல் தவிக்கிற தவிப்பு. அதை வைத்து ஒன்பதாம் மாதத்தில் முடிவெடுக்காதே. கணவருக்கு இங்கிலீஷிலேயே வேலை நடக்கிறதா என்று நீ எழுதவில்லை. நடக்கிறது என்றால், உன் தனிமை அவருக்கு முழுதாகப் புரியாது. இந்தப் பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

விடியற்காலையில் தமிழில் ஜெபி. பாமாலையைத் திறந்து வாய்விட்டுப் பாடு. அதை மட்டும் யாருக்காகவும் விடாதே. ராத்திரி அம்மாவோடு போனில் பேசுவதை வாரத்துக்கு இரண்டு நாளாக்கிக்கொள், மற்ற நாள் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போ.

யெய் வீட்டுக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுது. பழத்தை வாங்கிக்கொண்டாரா, உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த சொல் எது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.