ரயில் தாமதம், கப்பல் போய்விட்டது: ₹1,86,000 யாரிடம் கேட்பது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சார். எனக்கு ஊர் கீழக்கரை. துணிக்கடை வைத்திருக்கிறேன். வாப்பா, உம்மாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதால், சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் ஆறு பேருக்கு டிக்கெட் போட்டோம். ராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸ் மூலம் ₹1,86,000 கட்டினேன். ரயில் டிக்கெட்டும் அவரே எடுத்துத் தந்தார். “காலை ஏழு மணிக்கு எழும்பூர்ல இறங்கிருவீங்க பாய், பன்னிரண்டுக்குத்தான் கேட் சாத்துவாங்க, முதல் நாளே போய் ரூம் போட்டுக் காசைக் கரைக்காதீங்க” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கப்பல் கம்பெனியின் ஆங்கிலக் கடிதத்தையும் அதோடு அனுப்பினார். அதில் ஒரு நாள் முன்பே வந்துவிடுவது நல்லது என்று இருப்பதை இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டோம்.

வழியிலேயே ரயில் தாமதமாகி, செங்கல்பட்டுக்கு வரும்போது மணி 9:45. அங்கேயும் ஒரு மணி நேரம் நின்றது. இறங்கி மின்சார ரயிலில் போகட்டுமா என்று டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்தேன். “இறங்காதீங்க, கப்பல்காரங்ககிட்ட பேசிட்டேன், வெயிட் பண்ணுவாங்க” என்று குரல் பதிவு அனுப்பினார். துறைமுக வாசலுக்குப் போனபோது 12:30. கப்பல் கிளம்புவது 2 மணிக்கு. கப்பல் கண்ணெதிரே நிற்கிறது, உள்ளே விடவில்லை. உம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்கள். ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்கிறார்கள். யார் மேல் கேஸ் போடுவது? வரும் நவம்பரில் லாத்தாவும் (அக்காவும்) மச்சானும் இதேபோல ஒரு கப்பலுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போக வேண்டும்?

பதில்: வ அலைக்கும் ஸலாம். பெற்றோருக்கு ஆசையாகச் செய்த ஏற்பாடு துறைமுக வாசலில் நின்றுபோனது பெரிய வேதனை. நீங்கள் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் ஆளிடமிருந்து அது வராது.

முதலில் கப்பல் கம்பெனி. கப்பல் கண்முன் நிற்கும்போது ஏன் ஏற்றவில்லை என்பதுதான் உங்கள் கோபம். கதவு சாத்தும் நேரம் டிக்கெட்டில் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தோடு பயணிகள் பட்டியல் முடிந்துவிடும், பெட்டிகளின் சோதனையும் முடிந்துவிடும். துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே கொண்டுபோகும் மாலுமிக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. பிந்தி வந்தவரை ஏற்றாதது சேவைக் குறைபாடு என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் என்னால் வாதாட முடியாது. முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த அபராதத் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டைத்தான் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். நஷ்டமே இல்லாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. ஆனால் கிளம்பிவிட்ட கப்பலில் காலியாகக் கிடந்த அறையை அவர்கள் யாருக்கும் விற்க முடியாது. அந்த நஷ்டம் உண்மையானது. எனவே கம்பெனியிடம் வரி, துறைமுகக் கட்டணம் ஆகிய பகுதிகளை மட்டும் பிரித்துக் கேளுங்கள். விமானத்தில் ஏறாத பயணிக்கு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி உள்ளது. கப்பலுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. அதன் நியாயம் பொருந்தும்.

அடுத்து ரயில்வே. தாமதத்துக்கு ரயில்வேயைப் பொறுப்பாக்கவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. வடமேற்கு ரயில்வே எதிர் சஞ்சய் சுக்லா வழக்கில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலை 8:10-க்கு ஜம்மு சேர வேண்டிய ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாமதமாகப் போனது. ஸ்ரீநகருக்குப் பகல் 12 மணிக்கு இருந்த விமானத்தைக் குடும்பம் தவறவிட்டது. ரயில் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற தங்கள் கட்டண விதிகளைக் காட்டி ரயில்வே வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ன, அது தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதா என்பதை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பில் கிடைத்த தொகையையும் பாருங்கள். டாக்ஸிச் செலவுக்கு ₹15,000, முன்பதிவுச் செலவுக்கு ₹10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா ₹5,000. அவ்வளவுதான். உங்கள் ₹1,86,000 ரயில்வேயிடமிருந்து முழுசாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காரணம் ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்டால் இயல்பாக விளையும் நஷ்டத்தையும், இப்படி ஒரு நஷ்டம் வரும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் அந்த நஷ்டத்தையும் மட்டுமே கேட்க முடியும். தூரத்து நஷ்டத்துக்கு இழப்பீடு இல்லை. நீங்கள் கப்பலேறப் போகிறீர்கள் என்பது உங்களுக்குப் படுக்கை ஒதுக்கிய ரயில்வேக்குத் தெரியாது.

ஆனால் டிராவல்ஸ்காரருக்குத் தெரியும். உங்கள் வழக்கே இங்கேதான் இருக்கிறது.

கப்பல் டிக்கெட்டும் அவர் போட்டது, ரயில் டிக்கெட்டும் அவர் போட்டது. ரயில் பிந்தினால் கப்பல் போகும் என்பது தெரிந்தே இரண்டையும் இணைத்தவர் அவர். ஒரு நாள் முன்பே வந்துவிடுவது நல்லது என்று சொல்லும் கம்பெனிக் கடிதத்தை ஒரு கையால் அனுப்பிவிட்டு, ரூம் போட வேண்டாம் என்று மறுகையால் எழுதினார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 2(11) பிரிவு, கவனக்குறைவான செயலையும் வேண்டுமென்றே தகவலை மறைப்பதையும் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. “நான் வெறும் ஏஜென்ட், கப்பல் என்னுடையதல்ல” என்று அவர் சொல்வார். கப்பலில் ஏற்றாததற்காக நீங்கள் அவர் மேல் வழக்குப் போடவில்லை; அவர் தந்த பயண யோசனை அவருடைய சொந்தச் சேவை. “கடிதத்தில் இருந்ததே, படித்திருக்க வேண்டியதுதானே” என்றும் கேட்பார். அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வலு உண்டு, மறைக்கவில்லை. ஆணையம் உங்கள் பக்கமும் ஒரு பங்கு பொறுப்பைப் போட்டு, தொகையைக் குறைக்கலாம்.

குரல் பதிவுதான் உங்களுக்குப் பெரிய துணை. தன் நஷ்டத்தைக் குறைக்கப் பாதிக்கப்பட்டவர் என்ன செய்தார் என்று சட்டம் பார்க்கும். சஞ்சய் சுக்லா விமானம் போனதும் டாக்ஸி பிடித்து ஸ்ரீநகர் போனார். அதனால்தான் அந்தச் செலவு அவருக்குக் கிடைத்தது. நீங்கள் 9:45-க்குச் செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயிலில் சென்னைக் கடற்கரை நிலையம் போயிருந்தால் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, பன்னிரண்டுக்குள் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு அவர் குரலே பதில். அந்தக் கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023 என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. நுகர்வோர் ஆணையம் சுருக்க விசாரணைதான் நடத்தும் என்றாலும் அந்தச் சான்றிதழை இணைத்துவிடுங்கள்.

ரயில் தாமதத்துக்கான ஆதாரத்தை உடனே திரட்டுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டணத்தோடு, அந்தத் தேதியில் அந்த ரயில் ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்த நேரம், கிளம்பிய நேரம், நிறுத்தி வைத்த காரணம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிலில் புயல், வெள்ளம் என்று காரணம் இருந்தால் ரயில்வேயை எதிர்தரப்பில் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். நம் கரையில் இது புதிதல்ல. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்த பிறகும் கடலும் காற்றும் அதே கடல், அதே காற்று. இயற்கையால் வந்த தாமதத்துக்கு யாரும் இழப்பீடு தரமாட்டார்கள்.

இந்தச் சிக்கல் முழுவதுக்கும் வேர் ஒன்றுதான்: உங்களிடம் இருந்தது இரண்டு தனித்தனி ஒப்பந்தம். கீழக்கரைப் பெரியவர்களைக் கேட்டால் போட் மெயில் பற்றிச் சொல்வார்கள். 1914-ல் பாம்பன் பாலம் வந்ததிலிருந்து 1964 புயல் வரை, எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். அப்படி ஒரே சீட்டில் போகும்போது இடையில் எங்கே பிசகினாலும் சீட்டைக் கொடுத்தவரிடமே போய்க் கேட்கலாம். இன்று ரயில் ஒருவருடையது, கப்பல் இன்னொருவருடையது. நடுவில் இருக்கும் இடைவெளி முழுக்கப் பயணியின் தலையில்.

எங்கே போடுவது? 2019 சட்டத்தின் 34-வது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், சென்னைக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை ₹5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. சம்பவத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. கப்பல் கம்பெனியின் நிபந்தனையே நியாயமற்றது என்று அதை ரத்து செய்யக் கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்தச் சூழ்நிலையில் அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். வருஷங்கள் போகும், அடிப்படையும் பலமில்லை.

இனி லாத்தாவுக்கு. இதை நான் வக்கீலாகவே சொல்கிறேன்: முதல் நாளே போய்ச் சேர்வது சட்டப்படியும் உங்களைக் காக்கும். போதிய இடைவெளி விட்டுக் கிளம்பியவருடைய வழக்கையும், கடைசி ரயிலில் கிளம்பியவருடைய வழக்கையும் ஆணையம் ஒரே கண்ணால் பார்க்காது. நவம்பர் வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் இன்னும் கவனம் தேவை. ஏறும் நாளுக்கு முந்தின நாள் காலையில் சென்னையில் இறங்கும் ரயிலில் போகச் சொல்லுங்கள். அந்த ரயிலே ரத்தானாலும், அன்று பகலிலோ இரவிலோ பஸ், அடுத்த ரயில், மதுரையிலிருந்து விமானம் என்று மாற்று வழி மிச்சம் இருக்கும். நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை, எனவே மதுரைக்குப் போக வேண்டிய நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறைக்கு ஓர் இரவு வாடகை கொடுப்பது கசக்கும்தான். நீங்கள் இழந்த தொகைக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தால், அதில் போகாமல், ரயில் கிளம்புவதற்குள் விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். காத்திருந்து ஏறிவிட்டால் அந்த உரிமை போய்விடும். கப்பல் இலங்கைத் துறைமுகம் தொடுவதாக இருந்தால் பாஸ்போர்ட்டும் விசா அனுமதியும் முன்பே கையில் இருக்க வேண்டும். சாதாரண அடையாள அட்டையோடு போய் வாசலில் திரும்பி வந்தால் அந்த நஷ்டத்துக்கு யாரும் பொறுப்பில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்கும் இதே கவனம் வேண்டும். ஆனால் வானிலை பார்த்துக் கப்பல்காரரே பயணத்தை ரத்து செய்தால் கதை வேறு. அவர் தராத சேவைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

பயணக் காப்பீடு எடுப்பதானால், “இணைப்புப் பயணம் தவறுதல்” அதில் அடங்குமா, ரயில் தாமதமும் கணக்கா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் தருவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டோடு சில பைசாவுக்கு எடுக்கும் காப்பீடு விபத்துக்கானது. கப்பல் போனால் அது உதவாது. எழுத்தில் தந்த புகாரைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் வரை பதில் தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் இலவசமாகப் புகார் தரலாம்.

உங்கள் வேலை இந்த வாரமே தொடங்கட்டும். டிராவல்ஸ்காரருக்கும் கப்பல் கம்பெனிக்கும் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டிய தொகை, வரி எவ்வளவு, திரும்பி வந்த செலவு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். டிராவல்ஸ்காரர் நம்மூர்க்காரர், தினமும் முகத்தில் விழிப்பவர். பேசி ஒரு தொகைக்கு வந்தால் ஏற்பதில் தவறில்லை, ஆனால் வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள். கப்பல் கம்பெனியிடம் கேட்டது தனியாக நிற்க வேண்டுமானால், டிராவல்ஸ்காரர் தரும் தொகை அவர் பங்குக்கு மட்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.