'பேசி முடிச்சிடலாம்' என்கிறார்கள்: வார்டு உறுப்பினர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தென்மாவட்ட ஊராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒன்பது வயதுச் சிறுமியை ஒரு கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு, தொடக்கூடாத விதத்தில் தொட்டிருக்கிறார். பிள்ளை இரவில் அம்மாவிடம் சொல்ல, அம்மா காலையில் என்னிடம் வந்து அழுதார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், "ஒரு தொகை வாங்கித் தருகிறோம், பேசி முடிச்சிடலாம்" என்கிறார்கள். தலைவரோ, "நம்ம குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டி விசாரிச்சிட்டு அப்புறம் பார்ப்போம்" என்கிறார். நான் போலீஸுக்குச் சொன்னால் எனக்குப் பிரச்சினை வருமா? பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: உங்களிடம் தொலைபேசியில் அன்றே சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே இடத்தில் சிக்கித் தவிக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக. ஊரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-வது பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது அப்பா அம்மாவுக்கு மட்டுமான கடமை என்று பலர் நினைக்கிறார்கள். உங்களுக்கும் உண்டு, தலைவருக்கும் உண்டு, பேசி முடிக்க வந்த அந்த இரண்டு பெரியவர்களுக்கும் உண்டு.

உங்கள் பயத்துக்கான பதிலும் அதே 19-வது பிரிவில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். அதற்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடந்ததை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. தாய் உங்களிடம் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்பதைச் சொன்னால் போதும்.

இப்போது அந்தத் 'தொகை'க்கு வருகிறேன். இதுபற்றி எழுதினாலே எனக்குக் கோபம் வருகிறது. போக்சோ குற்றம் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே அல்ல. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, சிறுமியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே தூக்கி எறிந்தது. உயர் நீதிமன்றமே ஏற்க முடியாத சமரசத்தை ஆலமரத்தடியில் உட்கார்ந்து யார் ஏற்பது?

பேசி முடிப்பவர்கள் ஒரு முத்திரைத்தாளை எடுத்து வருவார்கள். "இனி எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை, புகார் கொடுக்க மாட்டோம்" என்று எழுதி, தாயின் கைநாட்டை வாங்கி, கீழே சாட்சி என்று நாலு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்ட தாள்களை வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளால் வழக்கைத் தடுக்க முடியாது. ஆனால் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைத்தோம் என்பதற்கு, கையெழுத்துப் போட்டவர்களே எழுதிக் கொடுத்த ஒப்புதலாக அது நிற்கும். இதைத் தலைவருக்கும் பெரியவர்களுக்கும் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். இன்னொன்று: பேசி வாங்கும் தொகையில் எவ்வளவு அந்தத் தாய் கைக்கு வந்து சேரும், எவ்வளவு நடுவில் நிற்கும் என்பது எல்லா ஊருக்கும் தெரியும்.

வேறொரு வகை ஆட்களும் வருவார்கள். "எஃப்.ஐ.ஆர். போட்டதும் அரசு நிவாரணம் வரும், நான் வாங்கித் தருகிறேன், எனக்கு இவ்வளவு" என்பார்கள். ஐந்து பைசா கொடுக்காதீர்கள். இழப்பீட்டை உத்தரவிடுவது சிறப்பு நீதிமன்றம். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. போக்குவரத்து, சாப்பாடு போன்ற அவசரச் செலவுக்கு மாவட்ட அளவில் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவே சிறப்பு உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கலாம். வக்கீல் வேண்டுமா, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். இடையில் எந்தத் தரகருக்கும் வேலை இல்லை.

அடுத்தது தலைவர் சொல்லும் 'விசாரணை'. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் கூடாது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருப்பது உண்மை. ஊராட்சித் தலைவர் தலைமையில், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், குழந்தைகளின் பிரதிநிதிகள் எல்லாரும் அதில் உண்டு. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை முன்கூட்டிக் கண்டறியவும், இடைநின்றவர்களைப் பள்ளிக்கு அனுப்பவும், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவும் அமைக்கப்பட்ட குழு அது. குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

குழுவைக் கூட்டினால் என்ன நடக்கும்? ஒன்பது வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "எங்க தொட்டாரு, எத்தனை தடவை, நீ ஏன் கத்தலை" என்று பன்னிரண்டு பேர் கேட்பார்கள். பிள்ளை மிரண்டு போய் ஒரு விஷயத்தை மாற்றிச் சொல்லும். பிறகு போலீஸிடம் ஒரு தடவை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவை, நீதிமன்றத்தில் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல், "அன்று குழுவில் வேறு மாதிரி சொன்னாயே" என்று பிடித்துக்கொள்வார். இதற்குள் கடைக்காரருக்குச் செய்தி போய், ஊரை விட்டுக் கிளம்பியிருப்பார். பள்ளியில் ஏதாவது நடந்தால் தலைமை ஆசிரியர்கள் 'உள்விசாரணை' என்று இழுப்பதும் இதே தப்புதான். குழந்தை தானாகச் சொன்னதைக் காது கொடுத்துக் கேளுங்கள்; ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். தாய் உங்களிடம் சொன்ன வார்த்தைகளை, தேதியும் நேரமும் போட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே போவது? உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையம். அது தொலைவு என்றால் எந்தக் காவல் நிலையமும் சரிதான். நடந்த இடம் தங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. பதிந்துவிட்டு அவர்களே உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். தாய் ஒரு புகார் கொடுக்கட்டும். நீங்கள் தனியாக எழுத்தில் ஒரு தகவல் கொடுங்கள். அதற்கு ஒரு பதிவு எண் போட்டு, எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. "மனு வாங்கிக்கிட்டோம், சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிட்டுப் போங்க, ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு ரசீது; முதல் தகவல் அறிக்கை அல்ல. அந்த ரசீதை நம்பி வீட்டுக்குப் போன குடும்பங்கள்தான் பிறகு கட்டப்பஞ்சாயத்தில் மாட்டிக்கொள்கின்றன. எஃப்.ஐ.ஆர். எண்ணோடு நகல் கேளுங்கள், இலவசம். தர மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குற்றத்தைப் பதியாமல் விடும் அதிகாரிக்கும் அதே 21-வது பிரிவு பொருந்தும் என்பதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு எஃப்.ஐ.ஆர். வாங்க ஒரு தாயைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள் என்பதை என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை.

பிள்ளையை நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாதவர், சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் எழுத வேண்டும். எழுதும்போது அம்மா பக்கத்தில் இருக்கலாம்.

முதலில் காவல் நிலையம் என்று சொன்னேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு: பிள்ளைக்கு வலி, ரத்தக் கசிவு, காய்ச்சல், பயத்தில் பேச்சு மூச்சற்ற நிலை என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவமனை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "கேஸ் போட்டுட்டு, போலீஸ் மெமோ வாங்கிட்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. அப்படிக் கேட்கவே கூடாது. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் பரிசோதிக்கலாம் என்று 27-வது பிரிவு சொல்கிறது. அவசர சிகிச்சைக்கு எந்தத் தாளும் முன்நிபந்தனை இல்லை என்று 2020 விதிகளும் சொல்கின்றன. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி செய்து, காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' தடை செய்யப்பட்டது; யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மறுத்துவிடுங்கள். போகும் முன் குளிப்பாட்ட வேண்டாம். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், பாலிதீன் பையில் போடாமல், காகித உறையில் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே துவைத்துவிட்டார்கள் என்றால் அதற்காகத் தாயைத் திட்டாதீர்கள். புகார் அதனால் நின்றுவிடாது.

"காயமே இல்லையே, கேஸ் நிக்குமா?" என்று ஊரில் கேட்பார்கள். நிற்கும். உடலோடு உடல் படாமல் துணிக்கு மேலே தொட்டால் குற்றமில்லை என்று ஒரு தீர்ப்பு வந்தது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பாலியல் நோக்கத்தோடு தொட்டதே போதும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்பதால் இது கடுமையான வகையில் சேரும்: ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை.

"பிள்ளையை ஹோமில் போட்டுடுவாங்க" என்றும் தாயை மிரட்டுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசித்தாலோ, பிள்ளைக்குப் பெற்றோர் ஆதரவு இல்லாவிட்டாலோதான் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தும் பேச்சே வரும். உங்கள் விஷயத்தில் அது இல்லை. அதே நலக் குழு, வழக்கு முடியும்வரை கூடவே வரும் ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கலாம். தாயிடம் சொல்லி அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் தருவதில்லை.

உறுப்பினர் என்ற முறையில் உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: ஊரின் வாயைக் கட்டுவது. பிள்ளையின் பெயர், தெரு, பள்ளி, அப்பா பெயர் எதுவும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது. அப்படி வந்தால் அது தனிக் குற்றம். ஊராட்சிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டாம், மினிட் நோட்டில் எழுத வேண்டாம். கிராம சபையிலும் வேண்டாம்.

கிராம சபையில் வேறு ஒன்றைக் கேளுங்கள். அந்தப் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? நோட்டில் வரிசையாகக் கையெழுத்து இருக்கும். வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்து. 2019 இறுதியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. பல ஊராட்சிகளைப் பார்க்கும் ஒருவர் எந்தப் பிள்ளையின் முகத்தை அறிவார்? உங்கள் ஊரில் இன்னும் குழு இருக்கிறது என்றால் அதை உயிரோடு வையுங்கள். பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் பாதையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். 1098-உம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் அங்கன்வாடிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். பெயிண்ட் செலவு ஊராட்சி நிதியிலேயே முடியும்.

இன்று மாலைக்குள் தாயோடு நிலையத்துக்குப் போய்விடுங்கள். தலைவரையும் வரச் சொல்லுங்கள். அவர் வராவிட்டால், நீங்கள் தகவல் சொன்ன நேரத்தையும் அவர் மறுத்த நேரத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.