ஒற்றைச் சார்ஜிங் கன் உள்ள ஊரில் மின்கார்: கேள்வி பதில்

கேள்வி: நகரத்தை ஒட்டிய சிறிய ஊரில் இருக்கிறேன். செயலியின் வரைபடத்தில் ஐந்து சார்ஜிங் நிலையங்கள் தெரிகின்றன. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லை. இந்த ஐந்தை நம்பி மின்கார் வாங்கலாமா?

பதில்: வரைபடத்தில் தெரியும் புள்ளிகளை எண்ணி முடிவெடுக்காதீர்கள். அவற்றுள் சில, கார் விற்பனைக் கூடத்தின் வளாகத்துக்குள் இருந்து, கடை மூடியதும் பூட்டப்பட்டுவிடலாம். சில, தங்கும் விடுதியின் விருந்தினர்களுக்கு மட்டும் உரியவையாக இருக்கலாம். அவற்றைக் கழித்த பிறகு, இரவு பத்து மணிக்கும் எவரும் பயன்படுத்தக்கூடியதாக, ஒரே இடத்தில் இரண்டு கன்னாவது (கேபிள் நுனியில் உள்ள, காரில் செருகும் பிடி) உள்ள நிலையம் ஒன்று மிஞ்சுகிறதா என்று பாருங்கள். ஒரு கன் பத்து நாளில் ஒன்பது நாள் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு நாள் நீங்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். தனித்தனியே பழுதாகும் இரண்டு கன்கள் இருந்தால், இரண்டும் ஒருசேரக் கைவிடுவது நூறு நாளில் ஒரு நாள்தான். ஒரே சார்ஜர் பெட்டியிலிருந்து தொங்கும் இரண்டு கன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெட்டி பழுதானால் இரண்டும் போய்விடும். ஊர் முழுவதும் ஒன்றொன்றாகச் சிதறிக் கிடக்கும் ஐந்தைவிட, ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் மூன்றே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: 60 கிலோவாட் என்று எழுதியிருந்த டி.சி. (வேகமாக ஏற்றும் நேர்மின்னோட்ட) சார்ஜரில் எனக்கு 28 கிலோவாட்தான் ஏறியது. இது ஏமாற்று வேலையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பக்கத்துக் கன்னில் வேறு கார் நின்றிருந்தால், பெட்டி தன் திறனை இருவருக்கும் பங்கிட்டிருக்கும். தனியாக நின்றும் இப்படியென்றால், காரே அதற்கு மேல் வாங்காததாக இருக்கலாம், அல்லது பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம். அதன் பிறகு பேட்டரியைக் காப்பதற்காகக் கார் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ஒரே கன் உள்ள ஊரில் 80-லிருந்து 100 வரை காத்திருப்பது, பின்னால் நிற்பவருக்கும் சேர்த்து நேர விரயம்.

கேள்வி: செயலியில் பச்சையாகக் காட்டியதை நம்பிப் போனேன். சார்ஜர் வேலை செய்யவில்லை. முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பச்சை நிறம் சொல்வது, அங்கே எந்தக் காரும் இணைக்கப்படவில்லை, பெட்டி கடைசியாக அனுப்பிய தகவலில் கோளாறு எதுவும் இல்லை என்பதை மட்டுமே. கடைசியாக ஒருவர் எப்போது வெற்றிகரமாகச் சார்ஜ் செய்தார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அது நேற்று என்றால் புறப்படுவேன், மூன்று வாரத்துக்கு முன் என்றால் மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வேன். போய்ச் சேர்ந்ததும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிவப்பு அவசரப் பொத்தானையும் கவனியுங்கள். ஒருமுறை இருபது நிமிடம் உதவி மையத்தோடு பேசிக்கொண்டிருந்த பிறகுதான், யாரோ அதை அழுத்திவிட்டுப் போயிருந்தது என் கண்ணில் பட்டது. திருகியதும் பொத்தான் வெளியே எழும்பியது, திரையும் உயிர்பெற்றது. புகையோ கருகல் வாடையோ இருந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: மழையில் சார்ஜ் செய்யலாமா?

பதில்: செய்யலாம். காரும் பெட்டியும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறி உறுதிசெய்துகொண்ட பின்னரே கன்னில் மின்சாரம் பாயும். கன்னின் முனையில் நீர் தேங்கியிருந்தாலோ கேபிளில் கீறல் இருந்தாலோ தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அதிவேக சார்ஜர் கேட்டு மனு கொடுக்க எண்ணுகிறோம். எதை வலியுறுத்தலாம்?

பதில்: அதிவேகத்தை வலியுறுத்தாதீர்கள் என்பேன். ஒரு வீடு 3 கிலோவாட் எடுப்பதாகக் கொண்டால், 60 கிலோவாட் பெட்டி ஒன்று இருபது வீடுகளுக்குச் சமம். அந்தச் சுமையைத் தாங்க மின்மாற்றியையே மாற்ற வேண்டியிருந்தால், செலவைக் கண்டே திட்டம் நின்றுவிடும். புறநகர் ஊர்களில் பல கார்கள் ரயில் நிலைய வாகன நிறுத்துமிடத்தில் காலை முதல் மாலை வரை சும்மா நிற்கின்றன. அங்கே 3.3 கிலோவாட் ஏ.சி. (மெதுவாக ஏற்றும் மாறுமின்னோட்ட) இணைப்பில் எட்டு மணி நேரம் நின்றாலே ஏறத்தாழ 26 யூனிட் ஏறிவிடும். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று கொண்டாலும் அது 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆகவே, ஓர் அதிவேகப் பெட்டிக்குப் பதிலாக அந்த நிறுத்துமிடத்தில் பத்து மெதுவான இணைப்புகளைக் கேளுங்கள். பழுதானால் எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.